செடி மஞ்சளானால் எந்த இலையை முதலில் பார்ப்பது?

பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டிலோ கிள்ளான் வீட்டு வரவேற்பறையிலோ தொட்டிச் செடி மஞ்சளானால், கை முதலில் உரப் பைக்குத்தான் போகும். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: மஞ்சள் அடி இலையில் தொடங்கியதா, கொழுந்திலா?

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடையாளம் அடி இலையில் தெரியும். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் அப்படி எளிதில் நகராது. அவை குறைந்தால் கொழுந்துதான் காட்டிக்கொடுக்கும்.

அடி இலை முழுக்க ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. ஓரம் மட்டும் பழுப்பாகிக் கருகினால் சாம்பல்சத்து. நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளானால் மக்னீசியம். இதே கோலம் கொழுந்தில் தெரிந்தால் பெரும்பாலும் இரும்பு. கொழுந்து சுருண்டு நுனி கருகினால் சுண்ணாம்புச்சத்தைச் சந்தேகிக்கலாம்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அடி மட்டைகள் ஆரஞ்சு நிறமானால் மக்னீசியம் போதவில்லை என்று கீசரைட் உரம் போடுவார்கள். அந்த மட்டையைக் கிட்டப்போய்ப் பார்த்தால், வெயில் பட்ட பகுதிதான் நிறம் மாறியிருக்கும். மேலே இன்னொரு இலை மறைத்து நிழல் விழுந்த பகுதி பச்சையாகவே இருக்கும்.

ஆனால் வீட்டுக்குள் வைத்த செடிக்குப் பல நேரம் குறை சத்தில் இல்லை, தண்ணீரில். இரண்டு விரற்கணு ஆழத்தில் மண் சொதசொதவென்று இருந்து, வேர் பழுப்பாகி நாற்றமடித்தால், எவ்வளவு உரம் போட்டாலும் வேரால் இழுக்க முடியாது. தண்ணீரைக் குறையுங்கள், அழுகிய வேரை வெட்டிப் புது மண்ணுக்கு மாற்றுங்கள். பால்கனித் தொட்டிக்குச் சிக்கல் வேறு. சாயங்கால அடைமழை தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் மக்னீசியத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

வேர் நன்றாக இருந்தால் மட்டும் உரம். இங்கே கடைகளில் கிடைக்கும் 12-12-17-2 உரத்தில் முதல் மூன்று எண்கள் தழை, மணி, சாம்பல் சத்துகள், நான்காவது மக்னீசியம். அந்த ஒன்று மட்டும் குறைவென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றலாம். கொழுந்து வெளுத்தால் இரும்புச் செலேட் வாங்கலாம். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டுவதை நிறுத்துங்கள். அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, இருக்கும் இரும்பையும் வேருக்கு எட்டாமல் செய்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான், அதுவும் பையில் சொன்ன அளவில் பாதி. நன்றாக மஞ்சளான அடி இலை மீண்டும் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்து விடும் இலைகள் நல்ல நிறத்தில் வந்தால் வைத்தியம் பலித்தது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்தால் உரம் மிஞ்சிவிட்டது. அடித்துளை வழியே வடியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.