ஒரு புதிர், நான்கு கருவிகள்

கணக்கு ஒன்று பிடிபடாமல் விழிக்கும்போது, "நன்றாக யோசித்துப் பார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உடனே நாம் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைச் சுருக்குகிறோம். யோசனை என்பது முழுவதும் தலைக்குள்ளேயே நடக்கும் வேலை என்று நமக்கு ஓர் எண்ணம். விஞ்ஞானிகள் யோசிக்கும் விதத்தைச் சற்று உற்றுக் கவனித்தால் இந்த எண்ணம் மாறிவிடும். அவர்கள் படம் பார்த்து யோசிக்கிறார்கள். கையால் பொம்மை கட்டி யோசிக்கிறார்கள். எண்களை அடுக்கி யோசிக்கிறார்கள். வரைபடம் போட்டு யோசிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பலர் சேர்ந்து யோசிக்கிறார்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

புதிர் என்ன?

நம் தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். நம் உடலில் மிக அதிகமாக உள்ள புரதமும் இதுவே. மற்றப் புரதங்களைப் போலவே இதுவும் அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலிதான். அந்தச் சங்கிலி எந்த வடிவில் மடிந்து இவ்வளவு உறுதியைத் தருகிறது என்பதுதான் கேள்வி.

1952ஆம் ஆண்டில் ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குப் பேராசிரியராக வந்தார். சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்றவர். கேம்பிரிட்ஜிலும் பயிற்சி பெற்றவர். அப்போது அவருக்கு முப்பது வயதை ஒட்டியிருக்கும். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் எடுத்துச் சொன்னார். ஆக, கேள்வியே ஒரு நண்பரிடமிருந்து வந்தது. கொலாஜன் மாதிரிகளோ பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தன.

முதல் கருவி: படம்

கொலாஜன் இழையின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அது பல திசைகளில் சிதறிப் பிலிமில் கரும்புள்ளிகளாகவும் வளைவுகளாகவும் பதிகிறது. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த இழை நல்ல படங்களைத் தந்தது.

ஆனால் இந்தப் படம் நாம் ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்ளும் படம் போன்றதன்று. அணு இங்கே இருக்கிறது, அங்கே இருக்கிறது என்று அது காட்டாது. எது எத்தனை தூரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது என்பதை மட்டும் சொல்லும். சங்கிலியின் நீளவாக்கில் ஏறத்தாழ 2.9 ஆங்ஸ்ட்ராமுக்கு ஓர் அமினோ அமிலம் வீதம் அமைந்திருப்பதை அதிலிருந்து அறியலாம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. சங்கிலி ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதைப் படம் நேரடியாகச் சொல்லவில்லை.

இரண்டாம் கருவி: கை

இங்கே வேதியியலார் தந்த ஒரு செய்தி உதவிக்கு வந்தது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். மற்றவற்றுக்கு இருப்பது போன்ற பக்கக் கிளை அதற்கு இல்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான் உண்டு.

இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் குச்சிகளையும் குண்டுகளையும் கொண்டு மாதிரி உருவங்கள் கட்டிப் பார்த்தார்கள். மூன்று சங்கிலிகளை நெருக்கமாகச் சேர்த்தால் நடுவில் இடம் மிகக் குறைவு. மூன்றாவதாக வரும் ஒவ்வோர் அமினோ அமிலமும் அந்த நடுப்பகுதியைப் பார்த்து நிற்கவேண்டும். அந்த இடுக்கில் கிளைசின் மட்டுமே நுழைய முடியும். மூன்றில் ஒன்று கிளைசினாக இருப்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? காகிதத்தில் வெறும் விகிதமாக இருந்தது, கையில் பிடித்துப் பார்த்தபோது பொருளுள்ளதாயிற்று. 1954இல் இந்த மூவிழை அமைப்பை 'நேச்சர்' இதழில் அவர்கள் வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டே அதில் ஒரு திருத்தம் செய்தார்கள். ஒவ்வொரு சங்கிலியும் தானே சுருண்டிருப்பதோடு, மூன்றும் சேர்ந்து ஒரு பொது அச்சைச் சுற்றியும் மெதுவாக முறுக்கிக்கொள்கின்றன என்றார்கள். நிலாவை நினைத்துப் பாருங்கள். அது தன்னைத் தானே சுற்றிக்கொண்டு பூமியையும் சுற்றுகிறது. ஆனாலும் எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. அதுபோலவே இந்தச் சுருளிலும் கிளைசின் எப்போதும் நடு அச்சையே நோக்கி நிற்கிறது.

ஒரு மறுப்பு

கதை இத்துடன் முடியவில்லை. 1955இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் என்ற இருவரும் மூவிழைச் சுருளை ஒப்புக்கொண்டு, அதன் விவரங்களில் குறை கண்டார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்கின்றன என்றார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னைக் குழு சொன்னதற்கு மாறாக, ஒன்றுதான் இருக்க முடியும் என்றும் வாதிட்டார்கள்.

உங்களிடம் ஒருவர் இப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒன்று, கோபம் வரும். அல்லது சோர்வு வரும். இராமச்சந்திரன் அந்த மறுப்பிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். "மிக நெருக்கம் என்கிறீர்களே, எவ்வளவு நெருங்கினால் மிக நெருக்கம்?" குச்சியும் குண்டும் இதற்குப் பதில் சொல்லமாட்டா. வேறு கருவி வேண்டும்.

மூன்றாம் கருவி: எண்

அதுவரை வெளியாகியிருந்த படிகங்களின் அளவீடுகளையெல்லாம் இராமச்சந்திரனின் குழு திரட்டியது. பிணைப்பில்லாத இரு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கியிருக்கின்றன என்று பட்டியல் போட்டது. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லைகளை வகுத்தார்கள். இரண்டு கார்பன் அணுக்களுக்குச் சாதாரண எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், மிகவும் நெருக்கினால் 3.0. அதற்கும் கீழே போகக்கூடாது.

இனி, சங்கிலி எப்படியெல்லாம் வளையலாம் என்று பார்க்கவேண்டும். புரதச் சங்கிலியைச் சீட்டுக்கட்டின் அட்டைகளை மூலைக்கு மூலை கோத்தது போலக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அட்டைகள் வளையா, கோத்த மூலைகளில் மட்டும் திரும்பும். ஒவ்வொரு மூலையிலும் திரும்பக்கூடிய பிணைப்புகள் இரண்டு. ஆகவே இரண்டு கோணங்களைச் சொல்லிவிட்டால் போதும்; அந்த இடத்தில் சங்கிலியின் வடிவம் தெரிந்துவிடும். அந்தக் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர்.

ஒவ்வொன்றையும் 10 பாகை இடைவெளியில் மாற்றிப் பார்ப்பதாக வைத்துக்கொண்டாலும் 36 × 36 = 1296 நிலைகள் வரும். ஒவ்வொரு நிலையிலும் எல்லா அணு ஜோடிகளின் தூரத்தையும் கணக்கிடவேண்டும். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இளம் ஆராய்ச்சியாளர்கள் இராமச்சந்திரனோடு இந்த வேலையில் இறங்கினார்கள்.

நான்காம் கருவி: வரைபடம்

ஆயிரக்கணக்கான எண்கள் பட்டியலாகக் கிடந்தால் யாருக்கு என்ன புரியும்? அவற்றை ஒரு சதுரத்தில் குறித்தார்கள். ஒரு பக்கம் ஃபை, மறு பக்கம் சை. அணுக்கள் மோதாத நிலைகளை மட்டும் எல்லைக்கோடு போட்டுக் காட்டினார்கள். சதுரத்தின் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட நிலம். நடுவே சில சிறு தீவுகள் மட்டுமே அனுமதி பெற்றவை! ஏற்கனவே அறியப்பட்டிருந்த ஆல்பா சுருளும் பீட்டா தாளும் அந்தத் தீவுகளிலேயே வந்து விழுந்தன. பக்கக் கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் கூடுதலான நிலம் கிடைத்தது.

1963இல் வெளிவந்த இந்த வரைபடம் இன்று 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகெங்கும் வழங்குகிறது. இன்றும் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்ததாக யாரேனும் சொன்னால், அதன் கோணங்கள் இந்தத் தீவுகளுக்குள் வருகின்றனவா என்று சரிபார்க்கிறார்கள்.

கொலாஜன் வழக்கு என்ன ஆயிற்று? மூவிழைச் சுருள் என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான் என்ற விவரத்தில் மறுத்தவர்கள் சொன்னதே சரியென்று பின்னர் தெரிந்தது. ஆனால் அந்த மறுப்பு இல்லாவிட்டால் வரைபடம் பிறந்திருக்குமா?

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று நண்பர்கள் சேர்ந்துகொள்ளுங்கள். தடித்த அட்டையில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு குண்டூசிகளைக் குத்துங்கள். 9 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு காகிதப் பட்டைகளை, ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் ஊசி செருகி, கடிகார முள்போலச் சுழலும்படி மாட்டுங்கள். பட்டை எதிர் ஊசியை நோக்கி நிற்கும் நிலை 0 பாகை. அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் பிளஸ். கடிகாரத் திசையில் திருப்பினால் மைனஸ்.

ஒருவர் பட்டைகளை 30 பாகை வீதம் திருப்பட்டும். இரண்டாமவர் கோணமானியால் அளந்து, பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று சொல்லட்டும். மூன்றாமவர் வரைபடத்தாளில், ஒரு பட்டையின் கோணத்தைக் கிடையாகவும் மற்றதை நெட்டாகவும் கொண்டு, படியாவிட்டால் புள்ளியும் படிந்தால் பெருக்கல் குறியும் இடட்டும். மொத்தம் 144 நிலைகள். பாதி வேலை முடிந்ததும் ஆளுக்கு ஆள் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் தாளைப் பாருங்கள். பெருக்கல் குறிகள் சிதறிக் கிடக்காமல் ஒரு திட்டாகச் சேர்ந்து நிற்கும். பட்டையைத் திருப்பியவருக்கு அந்தத் திட்டு தெரிந்திருக்காது. தாளை மட்டும் பார்த்தவருக்கு, ஏன் அங்கே மோதுகின்றன என்பது தெரியாது. இருவரும் உட்கார்ந்து பேசினால்தான் முழு விஷயமும் விளங்கும்.

அடுத்த முறை ஒரு பாடம் புரியவில்லை என்றால், "எனக்கு மூளை போதாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்தக் கருவியை நான் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். படம் போட்டீர்களா? கையால் செய்து பார்த்தீர்களா? எண்களைப் போட்டுச் சரிபார்த்தீர்களா? வரைபடமாக்கினீர்களா? உங்களுக்கு வராத கருவி பக்கத்துப் பெஞ்சில் இருப்பவருக்கு நன்றாக வரலாம். தயங்காமல் அவரையும் கூப்பிடுங்கள்.