சட்டைக்குள் ஒரு காமிரா

1953 மே 29, முற்பகல் 11.30 மணி. ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்டின் உச்சியை அடைந்தனர். ஹிலாரி தம் சட்டைக்குள்ளிருந்து சிறிய காமிராவை எடுத்தார். பனிக்கோடரியை உயர்த்தி நின்ற டென்சிங்கைப் படம் பிடித்தார். குளிர் தாக்காதிருக்கவே அதை உடற்சூட்டில் வைத்திருந்தார்.

மலையேறுவோருக்கான காமிராப் பையும் அச்சட்டையைப் போலவே இருத்தல் வேண்டும்.

முதலாவது, எடை. ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்க வேண்டுமல்லவா? ஆகவே தோலுக்குப் பதில் மெல்லிய நைலான் துணியே ஏற்றது. பாறையில் இடிபடும் பக்கங்களுக்கு மட்டும் நுரைப் பஞ்சு போதும்.

இரண்டாவது, இடம். முதுகில் இருந்தால் கைக்கு எட்டாது. தோளில் தொங்கினால் ஊசலாடி நம்மைத் தடுமாறச் செய்யும். மார்போடு ஒட்டிக் கட்டுவதே நலம். ஆனால் கால் வைக்குமிடத்தை அது மறைக்கலாகாது.

மூன்றாவது, மூடி. ஒரு கை பாறையைப் பற்றியிருக்க, கையுறை அணிந்த மறு கையால் திறக்க வர வேண்டும். காமிராவைப் பையுடன் கயிற்றால் பிணைப்பதும் அவசியம். நழுவினால், கீழே ஏறி வருபவர் உயிருக்கே ஆபத்து!

தையல் வகுப்பில் நாம் பை தைக்கும்போதும், "இதை யார், எங்கே சுமப்பார்?" என்று முதலில் கேட்டுவிட்டுத் துணியை வெட்டுவோமா?