திராட்சை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்

கம்பம் பன்னீர் திராட்சையின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் காட்டி, ‘மருந்து, மருந்து’ என்று அலறும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் ஓயாமல் வருகின்றன. அது பெரும்பாலும் பழத்தின் இயற்கை மெழுகு. நீலம் பாய்ந்திருந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையாக இருக்கலாம். மற்ற மருந்து எச்சம் கண்ணுக்கே தெரியாது. சந்தேகப்படுவது நியாயம்தான். அதை எங்கே கொண்டுபோவது என்பதில்தான் ஆளாளுக்குக் கோட்டை விடுகிறார்கள்.

இப்போது, எச்சத்தைச் சோதிக்க என்று, இலைச்சாற்றில் தயாரிக்கும் ஒளிரும் உலோக நுண்திரள்கள் பற்றிய பேச்சும் சேர்ந்திருக்கிறது. சில அணுக்கள் முதல் நூறு, இருநூறு அணுக்கள் வரை சேர்ந்த தங்கம், வெள்ளி, செம்புத் திரள்கள் இவை. அளவு இரண்டு நானோமீட்டருக்குள். புற ஊதா விளக்கில் ஒளிரும், பாதரசம் பட்டால் மங்கும். அருமையான ஆராய்ச்சி. ஆனால் இவற்றில் பல, செம்பு பட்டாலும் மங்கிவிடும். செம்புச் சேர்மமான மயில்துத்தம் அடித்த தோட்டத்துப் பழத்தில் ஒளி மங்கினால் எதைக் கண்டுபிடித்தோம்? போதாததற்கு இலைப் பச்சையமே புற ஊதா ஒளியில் சிவப்பாக ஒளிரும். இந்தச் சோதனை சந்தேகத்தை எழுப்பும், அவ்வளவுதான். சான்று ஆகாது.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் என்ற ஆய்வக அறிக்கையை வைத்து, 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பிரசாத விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அந்த உத்தரவையே 2024இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆய்வக அறிக்கைக்கே அந்தக் கதி என்றால், புற ஊதா விளக்கில் எடுத்த வீடியோ எம்மாத்திரம்?

வழி இதுதான். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 40: பொருள் வாங்கிய யாரும் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். ஆனால் சோதனைக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். பாதி தின்றபின் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். பில் வாங்குங்கள். மாதிரி எவ்வளவு வேண்டும், எப்படி முத்திரையிட வேண்டும் என்று முன்கூட்டியே தேனி மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கேளுங்கள். பகுப்பாய்வுக் கூடம் மதுரையில் இருக்கிறது. மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் அறிக்கை உங்களுக்கு வரவேண்டும், நகல் நியமன அலுவலருக்குப் போகவேண்டும். பிரிவு 18இன்படி, விவசாயி தோட்ட அளவில் விளைவித்த பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் கடையில் வாங்கியதையே அனுப்புங்கள். மறுபடியும் சொல்கிறேன், வாங்கும்போதே சொல்லிவிட்டு.

‘நாளைக்கு வாங்க’ என்று அலைக்கழிக்கிற அலுவலகங்களும் உண்டு. மனுவை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை கையில் வரும்வரை நகராதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322. பில்லின் படத்தையும் கடை முகவரியையும் அதில் அனுப்பலாம்.