உருளைக்கிழங்கு வேகவைத்த தமிழ் மணி

1836 வாக்கில், நியூசிலாந்தின் வடபகுதியில் வங்காரெய் என்ற ஊருக்கு அருகே, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாக வந்த வில்லியம் கோலென்ஸோ என்ற ஆங்கிலேய மிஷனரி அச்சுக்காரர் நின்று பார்த்தார். அது பாத்திரமே இல்லை, தலைகீழாக வைத்த மணி. கீழ் விளிம்பு உடைந்துபோயிருந்தது. சுற்றிலும் புடைப்பாக ஏதோ எழுத்து. ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு மணியை வாங்கிக்கொண்டார். புயலில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்தபோது அதன் அடியில் கிடைத்தது என்று அந்தப் பெண்கள் சொன்னார்களாம்.

எழுத்து தமிழ் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் வார்த்திருக்கிறது. பதின்மூன்று சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்த மணி இன்று வெலிங்டனில், தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பினாங்கின் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் எங்கள் வாட்சாப் குழுவுக்கு இந்த மணியின் படம் அவ்வப்போது வரும். கூடவே ஒரு வரி: கேப்டன் குக்குக்கு முன்பே நியூசிலாந்தில் கால் வைத்தவன் தமிழன். உடனே கைதட்டல் படங்கள் வரிசை கட்டும். தைப்பூச இரதம் எங்கள் சாலை வழியாகத்தான் தண்ணீர்மலைக்குப் போகிறது. பெருமைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் ஒரு பொருள் ஒரு கரையில் கிடைத்ததாலேயே அதன் சொந்தக்காரனும் அங்கே வந்துவிட்டான் என்று ஆகுமா? அதை யாரும் கேட்பதில்லை.

பெயரைப் பார்த்தால் கப்பல் முதலாளி சோழமண்டலக் கரையைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம் என்று ஊகிக்கலாம். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கீழக்கரை என்று அந்தக் கரை முழுக்க மரைக்காயர்கள் சொந்தக் கப்பல் வைத்து வங்காள விரிகுடாவில் வணிகம் செய்தவர்கள். ஜார்ஜ்டவுனில் 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் தலைவரும் ஒரு காதர் முகைதீன்தான். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்காவே இருக்கிறது. முகைதீன் என்ற பெயர் அந்தக் கடலில் சர்வசாதாரணம். அதை வைத்து ஆளைப் பிடிக்க வழியில்லை.

வயதைப் பிடிப்பதும் சிரமம். கரித்தேதி பார்ப்பதற்கு ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருள் வேண்டும்: மரம், எலும்பு, விதை. வெண்கலம் அதற்கு உதவாது. எழுத்தின் வடிவை வைத்துச் சிலர் பல நூற்றாண்டுப் பழமை சொல்கிறார்கள். ஆனால் தமிழெழுத்து அந்தக் காலகட்டத்தில் மெதுவாகவே மாறியது, எனவே அது தோராயக் கணக்குத்தான். அப்படியே வார்த்த ஆண்டு தெரிந்தாலும், மணி எப்போது நியூசிலாந்துக்கு வந்தது என்பது வேறு கேள்வி. கப்பல் உடைந்தாலும் அதன் மணி இன்னொரு கப்பலில் ஏறும், விற்கப்படும், கைமாறும்.

வருவதற்குச் சாதாரண வழிகளும் இருந்தன. 1769 ஜூனில் புதுச்சேரியிலிருந்து செயின்ட் ஜான் பாப்டிஸ்ட் என்ற பிரெஞ்சுக் கப்பல் புறப்பட்டது. தலைவர் ஜான் பிரான்சுவா தெ சுர்வில். கப்பலில் இந்திய மாலுமிகளும் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அது நியூசிலாந்தின் டவுட்லெஸ் விரிகுடாவில் நங்கூரமிட்டது. வங்காரெய்க்கு வடக்கே, அதே கிழக்குக் கரை. குக்கின் கப்பலும் அந்த நாட்களில் அதே கடலில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. புயலில் சுர்வில் இழந்த நங்கூரங்கள் 1974இல் கடலடியில் கிடைத்தன. சுர்வில் வந்துபோனதற்குப் பிந்தைய ஐம்பது அறுபது ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் திமிங்கலம் பிடிக்க, மரம் வெட்ட, கடல்நாய்த் தோல் எடுக்க என்று கப்பல்கள் அந்தப் பக்கம் போய்க்கொண்டேயிருந்தன. மணி சுர்வில் கப்பலில் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தமிழ் மணி அங்கே போய்ச்சேர ஒரு மர்மக் கப்பல் தேவையில்லை என்பதுதான் விஷயம்.

இந்தக் கதையில் மணியைவிட எனக்கு ருசிக்கிற பகுதி அதற்குள் வெந்துகொண்டிருந்த பண்டம். உருளைக்கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. நியூசிலாந்துக்கு அது 1769க்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்களோடு வந்தது. ஆனால் மாவோரிகள் அதற்கு முன்பே இன்னொரு கிழங்கைப் பயிரிட்டு வந்தார்கள்: சர்க்கரைவள்ளி. அதன் தாயகமும் அமெரிக்கக் கண்டம்தான்! கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே அது பசிபிக் தீவுகளில் இருந்தது என்பதற்கு, குக் தீவுகளில் மங்காயா என்ற இடத்தில் கரிந்துபோன கிழங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

கிழங்கு தானாக மிதந்து வந்திருக்கலாமே? 2018இல் ஓர் ஆய்வுக் குழு அதைத்தான் வாதிட்டது. மனிதர் வருவதற்கு வெகு காலம் முன்பே விதை கடல் கடந்திருக்கலாம் என்றார்கள். இரண்டே ஆண்டில் வேறொரு குழு மனிதர்களிடமே போய் விடை தேடியது. பசிபிக் தீவினரும் அமெரிக்கப் பழங்குடியினருமாக 800க்கும் மேற்பட்டவர்களின் மரபணுவை அலசி, 2020இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். கிழக்குப் பாலினீசியத் தீவினர் சிலரிடம் இன்றைய கொலம்பியாப் பக்கத்துப் பழங்குடியினரின் மரபணுத் துண்டுகள் இருந்தன. இரு இனங்கள் கலந்தால், முதல் தலைமுறைக் குழந்தையிடம் அந்தத் துண்டுகள் நீளமாக இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் தாய் வழியும் தந்தை வழியும் வெட்டிச் சேர்க்கப்படுவதால் துண்டு குறுகிக்கொண்டே போகும். இன்றுள்ள நீளத்தை அளந்தால் எத்தனை தலைமுறை ஆயிற்று என்று கணக்கிடலாம். கணக்கு 1200ஆம் ஆண்டை ஒட்டி வந்து நின்றது. கிழங்கு மிதந்து போகலாம். தாத்தா பாட்டி மிதந்து போக முடியாது.

அட்லாண்டிக் பக்கம் நடந்ததும் இதே போன்ற வழக்குத்தான். ஐஸ்லாந்தின் பழங்கதைகள் வைக்கிங்குகள் மேற்கே ஒரு நிலத்தைக் கண்டதாகச் சொல்லிவந்தன. நம்ப ஆசைப்பட்டவர்கள் அமெரிக்காவெங்கும் தடயம் தேடினார்கள். 1898இல் மின்னசோட்டாவில் ஒரு விவசாயி நிலத்தில் வைக்கிங் எழுத்துள்ள கல் கிடைத்தது. 1362 என்று அதில் ஆண்டு வேறு. மொழியறிஞர்களில் பெரும்பாலோர் அது பிற்காலத்தில் வெட்டப்பட்ட போலி என்று தள்ளிவிட்டார்கள். 1957இல் மெய்ன் மாநிலக் கடற்கரையில் ஒரு நார்வே வெள்ளிக் காசு கிடைத்தது. காசு உண்மையானது, பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பழங்குடிக் குடியிருப்பில் வேறெந்த வைக்கிங் பொருளும் இல்லை. வடக்கிலிருந்து கைமாறி வந்ததா, யாராவது கொண்டுவந்து போட்டதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நம் மணியின் உடன்பிறப்பு என்றே அதைச் சொல்லலாம்.

உண்மையான விடை 1960இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், லான்ஸ் ஓ மெடோஸ் என்ற சிற்றூரில் கிடைத்தது. நார்வேயைச் சேர்ந்த ஹெல்கே இங்ஸ்டாடும் அவர் மனைவி, தொல்லியலாளர் ஆன் ஸ்டீனும் அங்கே தோண்டியபோது பெரிய புதையல் எதுவும் வரவில்லை. புல்கட்டி வீடுகளின் அடித்தளம், படகில் அடிக்கும் இரும்பு ஆணிகள், நூல் நூற்கும் தக்ளியின் கல், இரும்பு உருக்கிக் கொட்டிய கசடு. குப்பைதான். ஆனால் ஒரு கூட்டம் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆண்டும் பின்னால் துல்லியமாகக் கிடைத்தது. 993இல் சூரியனிலிருந்து கிளம்பிய பெரும் புயலால் உலகெங்கும் மரங்களின் அந்த ஆண்டு வளையத்தில் கதிரியக்கக் கார்பன் சட்டென்று கூடியிருக்கிறது. லான்ஸ் ஓ மெடோஸில் இரும்புக் கருவியால் வெட்டப்பட்ட மூன்று மரத்துண்டுகளில் அந்த வளையத்தைக் கண்டுபிடித்து, பட்டை வரை எண்ணினார்கள். 28 வளையங்கள். ஆக, மரம் விழுந்தது 1021இல். அப்போது தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்துச் சுமார் பத்தாண்டு. நான்கு ஆண்டு கழித்து 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்துக்கு வருகிறது. உலகின் இரு கோடியிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பாய்மரம் விரிந்திருக்கிறது.

கடாரம் எங்களுக்கு அக்கம்பக்கம். வானம் தெளிந்த காலையில் பினாங்குக் கரையில் நின்றால் வடக்கே ஜெராய் மலை தெரியும். 1217 மீட்டர் உயரம். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு அதுதான் அடையாளம். மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. இங்கேயும் தனித்தனிப் பொருள்கள்தான் முதலில் கிடைத்தன. 1834இல் செபராங் பிறையில் கேப்டன் ஜேம்ஸ் லோ ஒரு கல்லைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற பெருமாலுமி தன் பயணம் நலமாக முடியவேண்டி வெட்டிய சமஸ்கிருத வாசகம். ஐந்தாம் நூற்றாண்டு எழுத்து. அது இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னும் வடக்கே போனால், தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குலோங் தோம் என்ற இடத்தில் கிடைத்த, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உரைகல். மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டுத் தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. பொன் உரைத்துப் பார்க்கும் தட்டானின் கல்.

யோசித்துப் பாருங்கள். பெரும்பதனின் கல், முகைதீன் பக்ஸின் கப்பல் மணி: இரண்டிலும் உடைமைக்காரன் பெயரும் பொருளின் பெயரும்தான். இரண்டும் கையில் எடுத்துப் போகக்கூடியவை. அப்படியிருக்க ஒன்றை ஏற்று இன்னொன்றை ஏன் நிறுத்திவைக்கிறோம்? குலோங் தோமில் அந்தக் கல்லைச் சுற்றி ஆயிரக்கணக்கான கண்ணாடிப் பாசிகள், அரைகுறையாக விட்ட மணிகள், முத்திரைகள், பொன் துணுக்குகள் என்று ஒரு பட்டறை ஊரே புதைந்து கிடந்தது. வங்காரெயில் அந்த மரத்தடியில் மணி மட்டும் கிடந்தது.

பூஜாங்கிலும் இப்படிச் சேர்ந்து கிடந்த பொருள்கள்தான் வழக்கை முடித்தன. 1930களில் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் கோயில் அடித்தளங்களைத் தேடித் தேடி எண்ணிட்டார். 2009 முதல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் சுங்கை பத்துவில் தோண்டியபோது செங்கல் துறைமுக மேடைகளும் இரும்பு உருக்கிய உலைக்களமும் வந்தன. துருத்திக் காற்று போகும் களிமண் குழாய்கள் ஏராளம், கசடு குவியல் குவியலாக. அதன் மிகப் பழைய தேதிகளைப் பற்றி ஆய்வாளர்களிடையே வாதம் நடக்கிறது; உலை எரிந்ததில் வாதமே இல்லை. டத்தோ கிராமாட்காரர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பல தலைமுறை இந்தச் சாலையில் ஈயம் உருக்கும் ஆலை புகைந்துகொண்டிருந்தது. உருக்காலை இருந்த மண்ணை எவ்வளவு கழுவினாலும் தடயம் போகாது.

இதே அளவுகோலை நம் ஊர்க் கதைகளுக்கும் வைக்கவேண்டும். மைசூர் அருகே சோமநாதபுரத்தில் 1258இல் கட்டிய ஹொய்சளர் கோயில் சிற்பங்களின் கையிலிருப்பது மக்காச்சோளக் கதிர் என்று 1989இல் அமெரிக்கப் புவியியலாளர் கார்ல் ஜோஹனசன் எழுதினார். பார்த்தால் சோளம் போலத்தான் இருக்கிறது. முத்துப் பதித்த கற்பனைக் கனி என்று மறுத்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் மறுப்பே சரியென்று படுகிறது. மக்காச்சோளம் அந்தக் காலத்தில் வந்திருந்தால் அடுப்பில், களஞ்சியத்தில், கணக்கேட்டில் தெரிந்திருக்கும். மிளகாயைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. நூறு இருநூறு ஆண்டுக்குள் நம் குழம்பையும் இங்குள்ள அசாம் லக்சாவையும் கேட்காமலே பிடித்துக்கொண்டது. அந்த லக்சாவில் மிதக்கும் அன்னாசியும் அமெரிக்கச் சரக்குதான்.

ஆகவே மணியின் படம் அடுத்த முறை வரும்போது கைதட்டுவதற்கு முன், அதனோடு வேறென்ன கிடைத்தது என்று கேளுங்கள். வேறு எதுவும் கிடைக்காத வரை, தமிழர் நியூசிலாந்தைக் கண்டார்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தமிழர் இந்தக் கரைக்கு வந்தார்கள் என்று சொல்ல உரிமை உண்டு. அதற்கான சாட்சிகள் மண்ணில் இருக்கின்றன. அவற்றையும் நாம் ஒழுங்காகக் காக்கவில்லை. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் சண்டி (இங்கே பழங்கோயிலுக்கு அந்தப் பெயர்), வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சீர்செய்தபோது இடித்துத் தள்ளப்பட்டது. வெளியே தெரிந்து கூச்சல் எழுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. மீட்டுக் கட்டிய எட்டாம் எண் சண்டி மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. பாலம் தாண்டி வடக்கே போனால் ஒரு காலைப் பொழுதில் பார்த்துத் திரும்பிவிடலாம். இந்தப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள்.