இலக்கும் அளவும்

சர்க்கார் தேசத்தின் முன் ஓர் இலக்கை வைப்பது, பிரஜைகளுக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். தவணை வந்ததும் கணக்குக் கேட்பது நமது கடமை. சூரியன், காற்று முதலிய வற்றாத சக்திகளிலிருந்து மின்சாரம் பெறும் விஷயத்தில் இக்கடமையை நாம் செவ்வனே செய்தோமா? வில்லியனூரிலும் பாகூரிலும் தேச வேலை செய்யும் நண்பர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டுகிறோம்.

2015ம் வருஷத்தில் இந்திய சர்க்கார், 2022க்குள் 1,75,000 மெகாவாட் என்று இலக்கு விதித்தது. சூரிய சக்தி 1,00,000, காற்று 60,000, தாவரக் கழிவு முதலியவை 10,000, சிறு நீர்மின் நிலையங்கள் 5,000. 2022 டிசம்பர் முடிவில் நிறைவேறியது சுமார் 1,20,000. இஃது அற்ப சாதனையன்று. ஆயினும் இடையிலே ஒன்று நிகழ்ந்தது. முதற்கணக்கில் இடம் பெறாத பெரிய அணைகளின் மின்சாரமும் 2019ல் இதே வகுப்பில் சேர்க்கப்பட்டது. அதையும் கூட்டினால் 1,67,000க்கு மேல் வருகிறது. இலக்கை ஏறக்குறைய எட்டிவிட்டதாகவே தோன்றுகிறது! நெல் அளந்துகொண்டிருக்கையில் மரக்காலை மாற்றினால் எந்தக் களத்தில் ஒப்புவார்கள்?

வேறொரு மயக்கமும் உண்டு. குதிர் பெரிதாயிருப்பது வேறு, அதில் விழுந்த நெல் வேறு என்பதைப் பாகூர்க் குடியானவருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மெகாவாட் என்பது குதிரின் அளவு. யூனிட் என்பதே நெல். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதே அளவுள்ள நிலக்கரி யந்திரம் இரவு பகல் ஓயாது ஓடினால் 24 யூனிட் தரும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராத நிலையங்கள் 2030க்குள் தேசத்தின் மொத்த மின் திறனில் பாதியாக இருக்கும் என்று 2022ல் உலகத்தாருக்கு வாக்களித்தோம். 2025 ஜூன் முடிவில் 4,84,800 மெகாவாட்டில் 2,42,800 அவ்வகையாயிற்று. தவணைக்கு ஐந்து வருஷம் முன்னதாகவே வாக்கு நிறைவேறியது. பெருமைப்படத் தக்க செய்தியே. எனினும் 2024-25ல் தேசத்தில் உண்டான மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வந்தது. குதிரில் பாதி நமதாயிற்று. நெல்லில் பாதி இன்னும் ஆகவில்லை.

யூனிட்டைக் கொண்டு அளக்கும் சட்டமும் இல்லாமலில்லை. மின்சாரம் விநியோகிப்போர், வழங்கும் மின்சாரத்தில் 2024-25ல் 29.91 சதவீதமும், 2029-30ல் 43.33 சதவீதமும் வற்றாத சக்தியாக இருக்க வேண்டுமென 2023 அக்டோபரில் உத்தரவாயிற்று. அதற்குள் சிறு நிலையங்களின் பங்கு மட்டும் 1.5 சதவீதத்திலிருந்து 4.5 ஆக உயர வேண்டும். இந்த அளவுகோல் நேர்மையானது. ஆனால் குறைந்ததற்கு ஈடாகச் சான்றிதழ்களைச் சந்தையில் வாங்கிக் கணக்கை நேர்செய்யலாம். புதுவைப் பிரதேசமோ தன் மின்சாரத்தில் மிகப் பெரும் பகுதியை வெளியிலிருந்தே பெறுவது. ஆகவே வில்லியனூரில் ஒரு கூரையின் மேலும் தகடு ஏறாமலே புதுவையின் சதவீதம் பூர்த்தியாகக் கூடும். அப்பொழுது இலக்கு யாருக்குப் பயன்பட்டதாகும்?

2024 பிப்ரவரியில் ஒரு கோடி வீடுகளுக்குச் சூரியத் தகடு என்னும் திட்டம் பிறந்தது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மாடி வீட்டுக்காரருக்கு இது வரப்பிரசாதம். சிவப்பு ரேஷன் அட்டையோடு கூரை வீட்டில் குடியிருப்பவர் தகட்டை எங்கே பொருத்துவார்? வீடுகளை மொத்தமாக எண்ணும் கணக்கில் இவருடைய பெயர் விடுபட்டது தெரியாது. கொம்யூன் வாரியாக எண்ணினால்தான் தெரியும்.

அக்கணக்கை யாரிடம் கேட்பது? கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு 2006ல் தேர்தல் நடந்தது. 2011ல் அவற்றின் காலம் முடிந்தது. 2025 வரையிலும் அடுத்த தேர்தல் வரவில்லை. ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட பிரதிநிதி இல்லாத இடத்தில் இலக்கு வெறும் எழுத்தாகவே நின்றுவிடும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தில் பாகூர்க் கல்விச் சாலைக்கு மூன்று கிராமங்கள் தானமாக அளிக்கப்பட்டன. அதைச் செப்பேட்டில் பொறித்து, எல்லையும் வகுத்தே கொடுத்தார்கள். எல்லை குறியாத தானம் நிலைக்காது என்பதை அறிந்திருந்தார்கள். வில்லியனூரில் எத்தனை கூரை, பாகூரில் எத்தனை இறைவை மோட்டார், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒவ்வொரு கொம்யூன் அலுவலகத்தின் வாசலிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதே நமது நண்பர்கள் உடனே தொடங்க வேண்டிய வேலை.