ஒடுங்கும் குரலும் நடுக்குவாத நோயும்

பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டால் கடைசி லயம் வரையில் கேட்கும் குரல் படைத்த தண்டல்மார் பலர், ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் இருந்தனர். அத்தகைய ஒருவர் முதுமையில் அருகிலிருப்பவர் செவிக்கும் எட்டாதபடி பேசத் தொடங்கினால், வீட்டார் அதனை வயதின் தளர்ச்சி என்றோ மனத்தாங்கல் என்றோ எண்ணிவிடுகின்றனர். அது நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

நோயின் தன்மை

1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்நோயை விவரித்து எழுதினார். மூளையில் 'டோப்பமின்' என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் படிப்படியாக அழிவதால் இது தோன்றுகிறது. கை நடுங்கும், தசை இறுகும், நடை சுருங்கும்.

தோட்ட மக்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கும் இந்நோய்க்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் பல சுட்டுகின்றன. நம் நாட்டில் 2020 சனவரி முதல் அது தடை செய்யப்பட்டுள்ளது. மருந்தடித்தவர் அனைவருக்கும் நோய் வரும் என்பது இதன் பொருளன்று. ஆயினும், அவ்வேலை செய்தவர்கள் மருத்துவரிடம் அதனைக் கூறுதல் நன்று.

குரல் ஏன் ஒடுங்குகிறது?

நாதசுரம் முழங்க வேண்டுமாயின் வாசிப்பவருக்கு மூச்சு நிறைந்திருக்க வேண்டும். சீவாளியும் சரியாக அமைய வேண்டும். மனிதக் குரலும் அவ்வாறே. இந்நோயில் மார்புத் தசைகள் இறுகி மூச்சு குறைகிறது. தொண்டையிலுள்ள குரல்நாண்கள் இரண்டும் முழுமையாக நெருங்குவதில்லை. ஆகவே ஒலி தாழ்ந்து, ஏற்ற இறக்கமின்றி, காற்றுக் கலந்து வெளிப்படுகிறது. நோயுற்றோரில் பெரும்பாலோருக்கு நாளடைவில் இத்தொல்லை நேர்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தம் குரல் தாழ்ந்துவிட்டது என்பதே நோயாளிக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. சற்று உரக்கப் பேசச் சொன்னால், தாம் கத்துவதாகவே அவர் உணர்கிறார். "என்ன முணுமுணுப்பு?" என்று நாம் கடிந்துகொண்டால் அவர் பேச்சையே நிறுத்திக்கொள்வார். 'லெவோடோப்பா' மருந்து கைகால் அசைவுக்குத் தரும் அளவு பயனைக் குரலுக்குத் தருவதில்லை.

காந்தமும் மின்சாரமும்

அறுவையின்றி மூளையைத் தூண்டிக் குரலை மீட்கலாமா என்று அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். இதற்கு இரு முறைகள் உள்ளன. ஒன்று, தலைக்கு மேல் கம்பிச்சுருளை வைத்துக் காந்தத் துடிப்புகளைச் செலுத்துவது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவர்தம் குழுவினரும் 1985இல் இதனைச் செய்து காட்டினர். மற்றொன்று, ஈரப் பஞ்சுப்பட்டைகள் இரண்டைத் தலையில் பொருத்தி, 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் அளவே உள்ள மின்னோட்டத்தைச் செலுத்துவது.

இவற்றால் பலன் உண்டா? சிறு சிறு குழுக்களிடம் நடந்த சோதனைகள் சிலவற்றில் குரல் ஓரளவு உயர்ந்தது. வேறு சிலவற்றில் மாற்றமில்லை. எனவே, இந்நோயினரின் குரலுக்கு இவை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. வலிப்பு நோய் உடையோருக்கும், தலையில் உலோகமோ நெஞ்சில் இதயத் துடிப்புக் கருவியோ பொருத்தப்பட்டோருக்கும் காந்த முறை ஆபத்தாகலாம். 'மூளைக்கு மின்சாரம் கொடுத்தால் குரல் திரும்பும்' என்று கூறி விற்கப்படும் கருவிகளுக்குச் சேமிப்புப் பணத்தைச் செலவிட வேண்டா.

இன்றே கிடைக்கும் வழி

கருவியின்றியே பயன் தரும் வழி ஒன்றுண்டு, அதுவே குரற்பயிற்சி. அமெரிக்காவில் 1980களில் உருவான லீ சில்வர்மன் முறையில், வாரம் நான்கு நாளாக நான்கு வாரம், ஒவ்வொரு முறையும் ஒருமணி நேரம் பயிற்சி நடைபெறும். 'உரக்கப் பேசு' என்ற ஒரே குறிக்கோள்தான் அதற்கு அடிப்படை. பிரிட்டனில் 388 பேரிடம் நடத்தப்பெற்று 2024இல் வெளியான ஆய்வு, வழக்கமான பேச்சுப் பயிற்சியைவிட இம்முறை பேச்சுத் தொல்லையை மிகுதியாகக் குறைத்ததென்று காட்டியது.

வீட்டில் யாருக்கேனும் குரல் தாழ்ந்தால், முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தெலுக் இந்தான், ஈப்போ மருத்துவமனைகளுக்கு அனுப்புவது பற்றியும், பேச்சுப் பயிற்சியாளரைக் காண்பது பற்றியும் அங்கேயே கேளுங்கள். சாப்பிடும்போது புரையேறினால் அதனையும் மறவாமல் தெரிவியுங்கள். உணவு மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகி உயிருக்கே ஊறு விளையலாம்.

பயிற்சியாளர் கற்பித்ததை நாள்தோறும் செய்யத் துணைநிற்பது வீட்டார் கடமை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு முகம் பார்த்துப் பேசுங்கள். "அப்பா, கொஞ்சம் பலமாகச் சொல்லுங்கள்" என்று அன்புடன் நினைவூட்டுங்கள். பேரப்பிள்ளைகள் நாளிதழை நீட்டித் தாத்தாவை உரக்க வாசிக்கச் சொல்லலாம். குரல் தாழ்ந்தவரைப் பேச்சிலிருந்து ஒதுக்கிவைக்காமல், குடும்பத்தின் முடிவுகளில் அவர் சொல்லையும் கேட்டு நடப்போமாக.