சுவரில் ஒரு மருந்தாளுநர்

மகனுக்குக் காய்ச்சல். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் புதுச்சேரியில் எங்கள் வீட்டருகே உள்ள ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். கடையிலிருந்த இளைஞர் பாட்டிலை எடுத்துக் கொடுத்து, "மூணு வேளை ஒரு ஸ்பூன் கொடுங்க சார்" என்றார்.

"எந்த ஸ்பூன் தம்பி?"

"வீட்ல இருக்குமே சார், அதான்."

சுவரில் மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழ் தொங்கியது. அதிலிருந்த படம் வேறொருவருடையது. "இவர் எங்கே?" என்றேன். "எப்பவாவது வருவார் சார்" என்று பதில் வந்தது.

மாணவ நண்பர்களே, இது சிறிய விஷயம் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஸ்பூன் எவ்வளவு?

மருந்துக் கணக்கில் ஒரு தேக்கரண்டி என்பது 5 மி.லி. ஆனால் கிரேக்க நாட்டில் வீட்டுத் தேக்கரண்டிகளை அளந்து 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவை 2.5 மி.லி. முதல் 7.3 மி.லி. வரை கொண்டன என்று தெரிந்தது. ஏறக்குறைய மூன்று மடங்கு வேறுபாடு!

இன்னொன்றும் உண்டு. காய்ச்சலுக்கான பாரசிட்டமால் மருந்து 5 மி.லி.யில் 120 மில்லிகிராம் உள்ளதாகவும் கிடைக்கிறது. 250 மில்லிகிராம் உள்ளதாகவும் கிடைக்கிறது. பாட்டில் மாறினால் அதே ஸ்பூனில் மருந்து இரு மடங்காகிவிடும். இதைக் கவனித்து எடுத்துச் சொல்லவே மருந்தாளுநர் இருக்கிறார்.

21 இலக்குகள்

ஒரு நாட்டில் இத்தொழில் எப்படி இருக்கிறது என்று அளக்க முடியுமா? 1912-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் தோன்றிய பன்னாட்டு மருந்தாளுநர் கூட்டமைப்பு இதற்கு ஓர் அளவுகோல் செய்திருக்கிறது. 2016-இல் 13 இலக்குகளாக இருந்தது, 2020-இல் 21 ஆக விரிந்தது. கல்வி, நோயாளியின் பாதுகாப்பு, எல்லாருக்கும் மருந்து கிடைப்பது, ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பொறுப்புடன் பயன்படுத்துவது ஆகியவை அவற்றுள் சில. ஒவ்வோர் இலக்கையும் கல்வி, பணி, அறிவியல் என்ற மூன்று கோணங்களில் பார்க்க வேண்டும்.

கல்வியில் நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம். 1930-இல் அமைக்கப்பட்ட சோப்ரா குழு, மருந்து கலந்து கொடுப்போருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்றது. 1932-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படிப்பு தொடங்கியது. 1948-இல் மருந்தாளுநர் சட்டம் வந்தது. 2008-இல் ஆறாண்டு 'பார்ம்.டி.' படிப்பும் வந்தது. இந்தக் கோணத்தில் முள் நன்றாகவே நகர்ந்திருக்கிறது.

பணி என்ற கோணத்தில்? மருத்துவரின் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரே கொடுக்க வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. நோயாளிக்கு விளக்கம் சொல்வதும் அவர் கடமை என்கின்றன 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள். அன்று நான் நின்ற கடையில் இந்த இரண்டும் சுவரிலேயே தொங்கின.

சுழிப் பிழை

ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்வோம்? தாடைகளை மூடி, சுழி காட்டுகிறதா என்று பார்ப்போம். இடையில் எதுவுமே இல்லாதபோது அது ஏதாவது ஓர் எண்ணைக் காட்டினால் அது சுழிப் பிழை. அதைத் திருத்தாமல் எடுத்த அளவுகள் எல்லாமே தவறு.

கடையில் மருந்தாளுநர் இல்லை; பதிவேட்டிலோ 'ஒருவர்' என்று இருக்கிறது. இதுவும் சுழிப் பிழைதான்! சான்றிதழ்களை மட்டும் எண்ணினால் நாடு இலக்கை எட்டியதாகத் தோன்றும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு அந்த எண்ணால் பயன் இல்லை. அளப்பது மார்தட்டிக் கொள்வதற்காக அல்ல. எங்கே பழுது என்று கண்டறிவதற்காக.

நீங்களும் அளக்கலாம்

மருந்துப் பாட்டிலுடன் வரும், மி.லி. கோடுகள் போட்ட சிறு மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு ஸ்பூனால் பத்து முறை தண்ணீர் அளந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரை மூடியால் அளந்து, பத்தால் வகுங்கள். ஒரு முறை அளப்பதைவிட இப்படி அளந்தால் பிழை குறையும். விடை 5 மி.லி. வருகிறதா? பல வீட்டு ஸ்பூன்களை அளந்து அட்டவணை போடுங்கள்.

அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களுடன் மருந்துக் கடைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை மி.லி.? எத்தனை நாள்? மாத்திரைப் பட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா? கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து அது.

கேட்பவர்கள் பெருகினால், பதில் சொல்ல வேண்டியவர் சுவரிலிருந்து இறங்கி வந்துதானே ஆகவேண்டும்?